பேசாத தம்பியும் மணி கோத்த கயிறும்

எனக்கு என் தம்பியைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் வேறு எதையாவது எதிர்பார்த்து ஏமாற வேண்டாம். ஒரே வீட்டில் வளர்ந்தோம், ஒரே தட்டில் சண்டை போட்டுத் தின்றோம் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் தலை நரைத்த பிறகும் ஒரு மனிதனைப் பிடிப்பதற்கு அது மட்டும் போதாது. அவனுக்கும் என்னைப் பிடிக்காது. இந்த ஒரு விஷயத்தில் எங்களுக்குள் கருத்து வேறுபாடே கிடையாது.

பேச்சு நின்றது என் மகளின் காதுகுத்தில். அவள் இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள், அப்போது கைக்குழந்தை. இங்கே சிங்கப்பூரில், காத்தோங் கோயிலில் வைத்திருந்தோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும், எனக்கு இருப்பதோ ஒரே தம்பி. நல்ல நேரம் முடியப் போகிறது, ஆசாரி ஊசியோடு காத்திருக்கிறார், மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்து பிள்ளை வீறிட்டு அழுகிறாள், மாமன்காரனைக் காணோம். போன் அடித்தால் எடுக்கவில்லை. வந்திருந்தவர்கள் எல்லாம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பெரியப்பா மகன் மடியில் வைத்துக் குத்தினோம்.

காரணம் பிறகுதான் தெரிந்தது. நான் அவனை வாட்ஸ்அப்பில் அழைத்துவிட்டேனாம். தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து வீட்டுக்குப் போய் அழைக்கவில்லையாம். அழைப்பிதழைப் படம் எடுத்துக் குடும்பக் குரூப்பில் போட்டால் தாய்மாமனும் ஊரானும் ஒன்றா என்று கேட்டானாம். கைக்குழந்தையையும் ஜூரோங்கில் ஆபீஸ் வேலையையும் வைத்துக்கொண்டு நான் புக்கிட் பாத்தோக்கில் அல்லாடிக்கொண்டிருந்த காலம் அது. கூடப் பிறந்தவனுக்கு நான் தட்டு தூக்கிக்கொண்டு போக வேண்டுமா? அன்றைக்கும் இதைத்தான் கேட்டேன், இன்றைக்கும் இதைத்தான் கேட்கிறேன்.

பேசுவதில்லை என்றால் பார்ப்பதில்லை என்று அர்த்தமில்லை. எங்கள் குடும்பங்களில் அது வேறு மாதிரி. தீபாவளிக்கு ஒரே ஹாலில் உட்காருவோம், சாவு வீட்டில் ஒரே வரிசையில் நிற்போம். நான் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கும்போது, அவன் தன் மனைவியைப் பார்த்து, “அவங்களைச் சாப்பிடச் சொல்லு” என்பான். நானும் அவளைப் பார்த்து, “பசிக்கல, அப்புறம் சாப்பிடுறேன்னு சொல்லு” என்பேன். அவள் இரண்டையும் திருப்பிச் சொல்லவே மாட்டாள், தேவையே இல்லை. அக்காவாக இருந்த நான் அவன் வாயில் ‘அவங்க’ ஆகிப் பல வருஷம் ஆகிவிட்டது.

அப்படியிருக்கும்போதுதான் அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் போயின. சர்க்கரையை அலட்சியம் செய்தான், கேட்பார் பேச்சைக் கேட்கவில்லை, போயின. வாரத்தில் பாதி நாள் டயாலிசிஸ் நாற்காலியில் கழிந்தது. இதயமும் பலவீனமாகிக்கொண்டு வருகிறது, காத்திருப்போர் வரிசையை நம்பி இருக்க முடியாது, உறவில் யாராவது கொடுத்தால்தான் உண்டு என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். அதைச் சொல்ல அவன் மனைவி என் வீட்டுக்கு வந்தாள். கேட்க வேண்டியவன் நேரில் வந்து கேட்கட்டும் என்றேன். தட்டு வைத்து அழைக்கவில்லை என்று காதுகுத்துக்கு வராதவன், சிறுநீரகத்தைப் பெண்சாதியிடம் சொல்லி அனுப்பிக் கேட்கிறானா என்றும் கேட்டேன். கேட்டதில் எனக்கு நல்ல திருப்தி.

“அவர் வரமாட்டார் அண்ணி. செத்தாலும் வரமாட்டார். உங்களுக்குத் தெரியாததா?” என்றாள் அவள், அழுதுகொண்டே.

தெரியும். நானாக இருந்தாலும் போயிருக்க மாட்டேன். மறுவாரம் போய் இரத்தப் பரிசோதனைக்குக் கையை நீட்டினேன். ஏன் போனாய் என்று என் மகள் கேட்டபோது, வாயை மூடிக்கொண்டு படிக்கிற வேலையைப் பார் என்றேன்.

இரத்தமும் பொருந்தியது, மற்றவையும் பொருந்தின. ஆனால் என் எடை அதிகம், சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, இந்த உடம்பை வைத்துக்கொண்டு ஒரே சிறுநீரகத்தோடு வாழ முடியாது, எடையைக் குறைத்துவிட்டு வாருங்கள் என்றார் மருத்துவர். அதாவது, அவன் பிழைப்பானா மாட்டானா என்பது என் இடுப்புச் சதையில் வந்து நின்றது. இப்படி ஒரு அவமானம் வேறு யாருக்காவது நடந்திருக்குமா என்று தெரியவில்லை.

நடைப்பயிற்சிக்குப் போக நேரமில்லை. ஜிம்முக்குப் போய்ப் பார்த்தேன், சுற்றிலும் கண்ணாடி, எங்கே திரும்பினாலும் நானே வந்து நிற்கிறேன். என் வயதில் பாதிகூட இல்லாத ஒரு பையன் என் வயிற்றைப் பற்றி என்னிடமே விளக்கினான். அன்றோடு சரி. முழங்கால் நன்றாக இருக்கிறது, கயிறு தாண்டலாம் என்று மருத்துவர் சொன்னதால் ஜூரோங் பேரங்காடியில் ஒரு ஸ்கிப்பிங் கயிறு வாங்கினேன். பிளாஸ்டிக் தோல் போர்த்திய மெல்லிய கம்பிக் கயிறு, கைப்பிடிக்குள் வழுக்கி ஓடும் சின்ன உருளைகள். அட்டைப் பெட்டிப் படத்தில் வயிறே இல்லாத ஒரு பெண் காற்றில் நின்றாள்.

காலையில் வேலைக்குக் கிளம்பும் முன், எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே தூண்களுக்கு நடுவில் குதிக்க ஆரம்பித்தேன். அது கயிறில்லை, சவுக்கு. கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் தெரியாது. எங்கே இருக்கிறது என்று நான் கண்டுபிடிப்பதற்குள் கெண்டைக்காலில் இறங்கிவிடும். புடவை கட்டினால் மறையும், ஆபீஸுக்குப் போடும் பாவாடையில் மறையாது. சிவப்புச் சிவப்பாகத் தடித்துக் கிடந்தது. சிமெண்டுத் தரையில் உரசி உரசி அதன் பிளாஸ்டிக் தோலும் சீக்கிரமே பிய்ந்து உள்ளே கம்பி தெரிந்தது. ஒவ்வொரு அடி விழும்போதும் தம்பியைத் திட்டினேன், பேர் சொல்லியே திட்டினேன். பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும் சீனக் கிழவர் என்னைப் பார்த்துவிட்டு இரண்டு பெஞ்சு தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

இதற்கு நடுவில் தம்பி மனைவியின் கண்காணிப்பு. வாரம் தவறாமல் வந்துவிடுவாள். வந்ததும் என் முகத்தைப் பார்க்க மாட்டாள், நேராக வயிற்றைப் பார்ப்பாள். இன்னும் மதியத்துக்குச் சோறுதானா அண்ணி என்பாள். கேழ்வரகு, கொள்ளு, வெந்தயத் தண்ணீர் என்று நாள் முழுக்கப் படங்களாக அனுப்புவாள். என் உடம்பு ஏதோ அவர்கள் வீட்டுப் பொதுச்சொத்து மாதிரியும் அதை நான் பாழாக்குவது மாதிரியும் ஒரு பார்வை. ஒருநாள் நான் பரோட்டா தின்றுகொண்டிருக்கும்போது கதவைத் தட்டினாள். தட்டைச் சோபாவுக்கு அடியில் தள்ளினேன். என் சொந்த வீட்டில், நான் வாங்கிய பரோட்டாவை. அந்த ஆத்திரத்தில் அவளைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். அவள் என் காலில் இருந்த தழும்புகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவளிடமிருந்து குரல் பதிவு வந்தது. கம்பிக் கயிறு தெரிந்தவர்களுக்காம், கத்துக்குட்டிக்கு இல்லையாம். மணி கோத்த கயிறு வாங்கச் சொன்னானாம் தம்பி. மணியின் கனம் கயிறு எங்கே இருக்கிறது என்று கைக்குச் சொல்லிவிடுமாம், சிமெண்டில் அடிபட்டாலும் உழைக்குமாம். அவன் பள்ளியில் குத்துச்சண்டை கிளப்பில் இருந்தவன். வீட்டு வராந்தாவில் மணிக்கணக்காகக் குதித்து அம்மாவிடம் திட்டு வாங்குவான், அது எனக்கும் நினைவிருக்கிறது. ஆனால் கத்துக்குட்டி என்ற சொல் என்னைச் சுட்டது. அவன் சொல்லி நான் வாங்குவதா என்று, பிய்ந்துபோன கம்பிக் கயிற்றிலேயே பிடிவாதமாக இன்னும் சில நாள் குதித்தேன். கயிறு இரண்டாக அறுந்து ஒரு துண்டு தூணில் போய் அடித்தது. வேறு வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவுக்குப் போனேன். அந்தக் கூட்டத்தில் ஞாயிறன்று போகிறவளுக்குப் புத்தி இல்லை என்றுதான் அர்த்தம், எனக்கு வேறு நாள் இல்லை. சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு பழைய கட்டடத்தின் மாடியில், பரிசுக் கோப்பைகளும் கேரம் போர்டுகளும் விற்கும் கடை. மணி வைத்த ஸ்கிப்பிங் கயிறு வேண்டும் என்றேன். கடைக்காரர் உள்ளே போய், ரோஜா நிறத்தில் பூனைப் படம் போட்ட ஒன்றை எடுத்து வந்து நீட்டினார்.

பிள்ளைக்கு இல்லை, எனக்கு என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். “மணி வெச்சது சின்னப் புள்ளைங்கதான் கேப்பாங்க அக்கா. பெரியவங்களுக்கு இதான் லா, லேட்டஸ்ட்” என்று அதே கம்பிக் கயிற்றை எடுத்து வைத்தார். எனக்கு வந்த கோபத்தில் பாவாடையை லேசாகத் தூக்கிக் கெண்டைக்காலைக் காட்டினேன். மனிதர் மறுபேச்சில்லாமல் பின்னால் இருந்த அட்டைப் பெட்டியை இழுத்து என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

உள்ளே கயிறுகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. தரையில் உட்கார்ந்து பிரித்தேன். சிலவற்றில் மணி பளபளவென்று கண்ணாடி மாதிரி இருந்தது. நகத்தால் அழுத்தினால் கொஞ்சமும் அமுங்கவில்லை. சிமெண்டில் நாலு அடி வாங்கினால் தெறித்துவிடும் என்று தெரிந்தது. ஒளி மங்கிய, தொட்டால் மெத்தென்று இருந்த மணிகளும் இருந்தன. அவற்றில் நீள மணி, குட்டை மணி என்று இரண்டு வகை. தரையில் போட்டுப் பார்த்தேன். நீள மணி கூடுதலாகச் சத்தம் போட்டது, கயிறும் விறைப்பாக நின்றது. குட்டை மணி வளைந்து கொடுத்தது. கைப்பிடியைத் திருகி உள்ளே ஓடும் நைலான் கயிறு தடிமனா என்று பார்த்தேன். கடைசியில் மெத்தென்ற குட்டை மணியில், கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றிக் கோத்த ஒன்றை எடுத்தேன். சுழலும்போது கண்ணுக்குத் தெரிய வேண்டும், எனக்கு அதுதான் முக்கியம். ஒரு நகைக்குக்கூட நான் இவ்வளவு நேரம் செலவழித்ததில்லை.

மறுநாள் காலையில் சுழற்றினேன். தலைக்கு மேல் போகும்போது இழுப்பு கைக்குத் தெரிந்தது, தரையைத் தொடும்போது டக்கென்று காதுக்குத் தெரிந்தது. அந்த டக் கேட்டதும் எழும்பினால் போதும். அடி விழவில்லை. விழுந்தாலும் வலி குறைவு. தம்பி சொன்னது சரியாக இருந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆனால் கயிறு எனக்கு நீளம். பின்னால் தரையில் விழுந்து புரண்டு காலில் சுற்றியது. முடிச்சுப் போட்டால் மணிகள் ஒரு பக்கமாகக் குவிந்தன. என் மகள் யூடியூப் பார்த்து அவிழ்க்கிறேன் என்று சொல்லி வீடெல்லாம் மணியைக் கொட்டினாள். பொறுக்கி ஒரு பையில் போட்டுக்கொண்டு, தேக்கா பக்கத்தில் இருக்கும் தம்பியின் அடுக்குமாடி வீட்டுக்குப் போனேன். அவனைப் பார்க்கப் போகவில்லை. கயிறு கெட்டுப்போனதற்கு அவன் யோசனைதான் காரணம், அதனால் போனேன்.

அவன் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தான். முகம் ஊதி, நிறம் மங்கி, ஆளே வேறு மாதிரி இருந்தான். டயாலிசிஸுக்காக இரத்தக் குழாயை இணைத்துத் தைத்த இடது கையில் அது கயிறு மாதிரி புடைத்துக்கொண்டிருந்தது. அந்தக் கையால் கனமான எதையும் தூக்கக் கூடாது. பையை அவன் மனைவியிடம் கொடுத்தேன், அவள் அவன் மடியில் வைத்தாள். அவன் ஒவ்வொரு மணியாகக் கோத்தான். கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை. ஒன்று மாறிப்போனதும் எல்லாவற்றையும் உருவிவிட்டு மறுபடி ஆரம்பித்தான். சின்ன வயதிலேயே அவன் அப்படித்தான், உயிரை வாங்குவான்.

நடுவில் அவன் மனைவி கீழே மார்க்கெட்டுக்கு இறங்கிப் போய்விட்டாள். இப்போது அறையில் நாங்கள் இருவர்தான். யார் மூலம் பேசுவது? அவன் தொலைக்காட்சியைப் பார்த்து, “கயித்து நடுவுல ஒரு காலை வெச்சு மிதிக்கணும்” என்றான். செய்தி வாசித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு அது என்ன புரிந்திருக்குமோ. நான் எழுந்து போய் மிதித்தேன். அவன் எழுந்து வந்து இரண்டு கைப்பிடிகளையும் என் இரண்டு பக்கமும் மேலே இழுத்துப் பிடித்தான். காதுகுத்துக்குப் பிறகு அவன் எனக்கு இவ்வளவு பக்கத்தில் வந்ததில்லை. அவன் மூச்சு இரைத்தது, நின்றதற்கே.

“அக்குள் வரைக்கும் வந்தா போதும்” என்றான் தொலைக்காட்சியிடம். இரண்டு பக்கமும் சமமாக மணிகளை எடுத்தான், கயிற்றை வெட்டினான், லைட்டரால் நுனியைச் சுட்டு முடிச்சைக் கைப்பிடிக்குள் தள்ளினான். நான் வெளியே நடைபாதையில் போய்க் குதித்துப் பார்த்தேன். உள்ளேயிருந்து குரல் வந்தது, முழங்கை உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும், மணிக்கட்டு மட்டும் சுழல வேண்டும், இப்படி ஆகாயத்துக்கு எழும்பக் கூடாது என்று. வேண்டுமானால் தொலைக்காட்சியே வந்து குதித்துக் காட்டட்டும் என்றேன், அதே தொலைக்காட்சியிடம்.

களைத்துப் போய் உள்ளே வந்து, பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் கடகடவென்று குடித்தேன். பாதி குடித்த பிறகுதான் பார்த்தேன், அவன் என்னைப் பார்க்கவில்லை, போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு நாள் முழுவதற்கும் அளந்துதான் தண்ணீர். எச்சில் விழுங்கினான். எனக்கு அவன் மேல் இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. எல்லோரும் குடிக்கும் தண்ணீரைக்கூடக் குடிக்க முடியாதபடி எதற்கடா உடம்பை இப்படிக் கெடுத்துக்கொண்டாய் என்று கன்னத்தில் ஒன்று விட வேண்டும் போலிருந்தது. மீதித் தண்ணீரை நான் குடிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு காலைகூட விடவில்லை. மழை பெய்தாலும் புளோக்குக்குக் கீழே நனையாது. கோபம்தான் என்னைக் குதிக்க வைத்தது, வேறு எந்த ஊக்கமும் இல்லை. அன்பு கின்பு என்று மனதில் வைத்துக் குதித்திருந்தால் கால் வலித்ததும் விட்டிருப்பேன். காதுகுத்தன்று வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்த பார்வையை நினைத்துக்கொள்வேன், கயிறு தானாகச் சுழலும். பாவாடை இடுப்பில் நிற்காமல் போனது. ஆபீஸில் என்ன ரகசியம் என்று கேட்டார்கள். தம்பி மேல் இருக்கும் வயிற்றெரிச்சல் என்று சொன்னேன், சிரித்தார்கள்.

ஒருவழியாக எடை போதும், சர்க்கரையும் இறங்கிவிட்டது என்றார் மருத்துவர். தம்பி மனைவி என் காலில் விழ வந்தாள், தள்ளி நின்றேன். இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. உயிரோடு இருப்பவர் உறுப்பைக் கொடுப்பதென்றால் ஒரு குழு தனியாகக் கூப்பிட்டு விசாரிக்கும். யாராவது மிரட்டினார்களா, ஆசை காட்டினார்களா, முழு மனதோடுதான் கொடுக்கிறாரா என்று பார்க்கும். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அவன் நாற்காலியிலேயே கிடக்க வேண்டியதுதான். தம்பி மனைவி அதற்கு முந்தைய நாள் வந்து எனக்குப் பாடம் நடத்தினாள். “பாசமா இருக்கோம், தினம் பேசிக்குவோம்னு சொல்லிடுங்க அண்ணி. ஒரே ஒரு பொய், அவர் உயிருக்காக.”

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் ஒரு தமிழ் அம்மாள். ஆங்கிலத்தில்தான் கேட்டார்கள், நானும் ஆங்கிலத்தில்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். ஆபத்து தெரியுமா, தெரியும். யாராவது வற்புறுத்தினார்களா, இல்லை. தம்பியோடு உறவு எப்படி என்று கேட்டார்கள். தம்பி மனைவி சொல்லிக் கொடுத்த பொய் நாக்கு நுனி வரை வந்தது. அவனைப் பற்றி நல்லதாக ஒரு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாங்கள் பேசிக்கொள்வதில்லை என்றேன்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எத்தனை காலமாக என்று கேட்டார்கள். என் மகள் கைக்குழந்தையாக இருந்ததிலிருந்து என்றேன். அவர் உங்களிடம் நேரில் கேட்டாரா? கேட்கவில்லை. நீங்கள் அவரிடம் கொடுக்கிறேன் என்று சொன்னீர்களா? சொல்லவில்லை. ஓரத்தில் இருந்தவர் பேனாவைக் கீழே வைத்தார். காரியம் கெட்டுவிட்டது என்று எனக்குப் புரிந்தது. இத்தனை காலைப்பொழுதும் குதித்தது இந்த வாயால் வீணாகப் போகிறது, அவன் சாகப் போகிறான், என்னால் சாகப் போகிறான்.

அந்தத் தமிழ் அம்மாள் முன்னால் சாய்ந்து தமிழிலேயே கேட்டார். “பிடிக்காத தம்பிக்கு எதுக்கும்மா கொடுக்குறீங்க? மனசுல இருக்கிறதைச் சொல்லுங்க.”

“ஆமாம்மா, அவனை எனக்குப் பிடிக்காது. ஆனா அவன் போயிட்டா, நான் யார்கூடம்மா பேசாம இருப்பேன்?”

சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. அங்கேயே, மூன்று அந்நியர்களுக்கு முன்னால், மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். அந்த அம்மாள் அதை மற்ற இருவருக்கும் ஆங்கிலத்தில் சொல்லப் பார்த்தார், முதல் தடவை சரியாக வரவில்லை, மறுபடி சொன்னார்.

அனுமதி கொடுத்தார்கள். என் சிறுநீரகம் அவனுக்குள் நன்றாக வேலை செய்கிறதாம், இப்போதெல்லாம் போத்தல் போத்தலாகத் தண்ணீர் குடிக்கிறானாம். அவன் மனைவிதான் சொன்னாள். நாங்கள் இன்னும் பேசுவதில்லை.